முதலில் முகவரி, பிறகு மற்றவை

கேள்வி: பாரிஸ் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் வகுப்புகள் தொடங்குகின்றன. தங்குவதற்கு அறைதான் இன்னும் அமையவில்லை. இணையத்தில் பார்த்த ஓர் அறையின் உரிமையாளர், தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும், இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்பிவிடுவதாகவும் எழுதுகிறார். பாரிஸை அடுத்த சார்செல் நகரில் பெரியம்மா குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குத் தொந்தரவு தர அப்பா தயங்குகிறார். அங்கே இறங்கியதும் எதை முதலில் செய்வது?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: அந்தப் பணத்தை அனுப்பவே அனுப்பாதீர்கள். பொருட்களுடன் கூடிய அறைக்கு இரண்டு மாத வாடகை வரை முன்பணம் வாங்கப் பிரெஞ்சுச் சட்டம் இடம் தருவதால் தொகையைப் பார்த்தால் சந்தேகம் வராது. ஆனால் அறையைக் காட்டாமல், ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே பணம் கேட்பதும், வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்வதும், சாவியைத் தபாலில் அனுப்புவதாக உறுதி கூறுவதும் புதிதாக வரும் மாணவர்களை ஏமாற்றுகிறவர்களின் வழக்கமான முறை.

உங்கள் அப்பாவின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முதல் சில வாரங்களுக்குப் பெரியம்மா வீட்டில் தங்குங்கள் என்றே சொல்வேன். 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களால், நம் ஊரில் பலருக்குப் பிரான்சில் உறவு இருக்கிறது. மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத அந்த வசதியைக் கூச்சத்தால் இழக்க வேண்டாம்.

அங்கே எல்லாவற்றுக்கும் முகவரிச் சான்றுதான் தலைவாசல். அது இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்குவது கடினம். கணக்கு இல்லாவிட்டால் ‘ரிப்’ எனப்படும் கணக்கு விவரத் தாள் கிடைக்காது. அந்தத் தாள் இல்லாவிட்டால் மருத்துவச் செலவைத் திரும்பப் பெறுவது முதல் மாதக் கட்டணக் கைபேசி இணைப்பு வரை எல்லாம் தடைப்படும். நீங்கள் தம் வீட்டில் தங்கியிருப்பதாகப் பெரியம்மா கையெழுத்திட்டுத் தரும் கடிதம் (அங்குள்ள நம்மவர்கள் அத்தெஸ்தாசியோன் என்பார்கள்), அவருடைய அடையாள அட்டையின் நகல், அவர் பெயரில் அண்மையில் வந்த மின்கட்டண ரசீது ஆகிய மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் முகவரிச் சான்றாக ஏற்றுக்கொள்வார்கள். ஆகவே நீங்கள் கேட்கப்போவது ஓர் அறையும் ஒரு கையெழுத்தும்தான். சார்செலிலிருந்து ஆர்.இ.ஆர். ‘டி’ என்னும் புறநகர் ரயிலில் நேராகப் பாரிஸின் கார் துய் நோர் நிலையத்துக்கு வந்துவிடலாம் என்பதால் அங்கிருந்தே வகுப்புக்கும் போகலாம், அறையும் தேடலாம்.

அறை தேடும்போது வீட்டு உரிமையாளர்கள் பிரான்சில் சம்பளம் வாங்கும் ஒருவரைப் பிணையாகக் கேட்பார்கள். அதற்கும் பெரியப்பாவை நெருக்க வேண்டியதில்லை. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு ‘விசால்’ என்ற திட்டம் கட்டணமின்றிப் பிணை நிற்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே இணையத்தில் விண்ணப்பித்து அந்தச் சான்றைக் கையில் வைத்திருங்கள். பாரிஸின் 14ஆம் வட்டாரத்தில் உள்ள பன்னாட்டு மாணவர் குடியிருப்பில் இந்திய இல்லமும் இருக்கிறது, அங்கும் விண்ணப்பியுங்கள்.

நீண்டகால மாணவர் விசாவை, நாட்டுக்குள் நுழைந்த மூன்று மாதங்களுக்குள் இணையத்தில் செல்லுபடியாக்கிக்கொள்ள வேண்டும். இதை மட்டும் எக்காரணத்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பல்கலைக்கழகப் பதிவு முடிந்ததும் அரசு மருத்துவக் காப்பீட்டில் சேருங்கள். மாணவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணம் இல்லை. பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழைக் கேட்பார்கள், ஊரிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் நம் பிள்ளைகளுக்கு எப்போதும் குழப்பம் உண்டு. கடவுச்சீட்டில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், எல்லாப் படிவங்களிலும் பெயரை நிரப்புங்கள்.

கேள்வி: என் மகன் பாரிஸில் படிக்கச் சென்று சில மாதங்கள் ஆகின்றன. முன்பு நாள்தோறும் பேசுவான். நவம்பர் பிறந்ததிலிருந்து ஓரிரு வார்த்தைகளில் முடித்துக்கொள்கிறான். காலையில் கடைக்குக் கிளம்பும் முன், ஆறு மணிக்கு அழைத்தால் எடுப்பதே இல்லை. பயமாக இருக்கிறது.
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதன்பின் நமக்கும் அவர்களுக்கும் நான்கரை மணி நேர வேறுபாடு; நீங்கள் அழைக்கும் காலை ஆறு மணி அவருக்கு நள்ளிரவு ஒன்றரை. ஞாயிறு மாலை நான்கரைக்கு அழைத்தால் அங்கே நண்பகலாக இருக்கும், நிதானமாகப் பேசலாம்.

பேச்சு குறைந்ததற்குப் பருவமும் காரணமாக இருக்கலாம். டிசம்பரில் அங்கே காலை எட்டரைக்கு மேல்தான் விடிகிறது, மாலை ஐந்துக்குள் இருட்டிவிடுகிறது. வெயிலில் வளர்ந்த பிள்ளைகளை இது உண்மையிலேயே வாட்டும். பகலில் வெளிச்சம் இருக்கும்போது வெளியே நடந்துவரச் சொல்லுங்கள். லா ஷப்பல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. வாரம் ஒருமுறை அங்கே போய்த் தமிழில் நாலு வார்த்தை பேசிவந்தால் மனம் லேசாகும். ஆனால் உறக்கமோ உணவோ கெட்டிருந்தால், வகுப்புக்கும் போகாமல் இருந்தால், அதை ஊர் நினைவு என்று விட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தின் மாணவர் நல மருத்துவ மையத்துக்குப் போகச் சொல்லுங்கள். மாணவர்கள் கட்டணமின்றி உளவியலாளரைப் பார்க்க அங்கே வழி இருக்கிறது. மதிப்பெண்ணைப் பற்றி இந்த வாரம் கேட்க வேண்டாம். என்ன சமைத்தாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேளுங்கள்.