பனிக்கு ஆட்டோலேண்ட், காற்றுக்கு விமானியின் கை

கேள்வி: வானிலை மோசமானால் விமானிகள், விமானத்தைத் தானாகவே தரையிறக்கும் ஆட்டோலேண்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்கிறார் என் அண்ணன். நிஜமா? அப்படியென்றால் புயல் நாளில் விமானங்களை ஏன் திருப்பி விடுகிறார்கள்?

பதில்: மூடுபனி என்றால் உங்கள் அண்ணன் சொல்வது பாதி சரி. காற்று என்றால் முழுக்கத் தவறு.

ஆட்டோலேண்ட் வந்ததே பனிக்காகத்தான். 1965 ஜூனில் லண்டன் ஹீத்ரோவில் ஒரு டிரைடென்ட் விமானம் பயணிகளோடு அப்படித் தரை தொட்டது. ஓடுபாதை அருகிலுள்ள ஆன்டெனாக்கள் அனுப்பும் ரேடியோ அலைகளைப் பிடித்துக்கொண்டு விமானம் இறங்கும். பனி அந்த அலைகளை மறைப்பதில்லை. பனி நாளில் பெரும்பாலும் காற்றும் அசையாது. புயலில் கதை வேறு. ஏர்பஸ் ஏ320-ல் ஆட்டோலேண்டுக்குப் பக்கக்காற்று 20 நாட், அதாவது மணிக்குச் சுமார் 37 கி.மீ. வரைதான். அதைத் தாண்டினால் விமானி கையால்தான் இறக்க வேண்டும். அதற்கும் ஓர் எல்லை உண்டு; அதையும் மீறினால் வேறு ஊருக்குத் திருப்புவதே சரி.

அப்புறம் அந்த ‘சும்மா’. பல வருடம் அந்த இருக்கையில் இருந்தவன் சொல்கிறேன், அதைவிட இறுக்கமான நிமிடங்கள் குறைவு. வெளியே ஒன்றும் தெரியாது. கை, எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ரஸ்ட் லீவரை விட்டு நகராது. 350 அடி வாக்கில் திரையில் ‘லேண்ட்’ என்று வர வேண்டும். வராவிட்டால் மேலே ஏறிவிடுவோம். 200 அடிக்குக் கீழே ஆட்டோலேண்டின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரிந்து, ஓடுபாதையும் கண்ணில் படாவிட்டால் அப்போதும் அதேதான். பேச்சுக்கே இடமில்லை.

தரையிலும் ஒழுங்கு வேண்டும். 2011-ல் மியூனிக்கில் ஒரு போயிங் 777, பனி நாள் கட்டுப்பாடுகள் அமலில் இல்லாத நேரத்தில் ஆட்டோலேண்டில் இறங்கியது. முன்னால் கிளம்பிய விமானம் அலையைக் குலைக்க, 777 ஓடுபாதையை விட்டுப் புல்லில் ஓடியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. பனி நாளில் அந்த ஆன்டெனாக்கள் பக்கம் எதையும் விட மாட்டார்கள், விமானங்களுக்கிடையே இடைவெளியையும் கூட்டுவார்கள். தாமதத்துக்கு அது ஒரு பெரிய காரணம். தயவுசெய்து அதற்காகக் கோபப்படாதீர்கள்.

இன்னொன்று: பல இடங்களில் 75 மீட்டர் பார்வைத் தூரத்திலும் இறங்கிவிடலாம், ஆனால் கிளம்ப 125 மீட்டராவது தெரிய வேண்டும். காரணம், கிளம்பும்போது ஓடுபாதை விளக்குகளைக் கண்ணால் பார்த்துத்தான் விமானத்தை நேராக ஓட்டுகிறோம்.