பிறப்புச் சான்றிதழுக்கு வரிசையில் யார் நிற்பது?

அக்காவிடம் கேளுங்கள்

கேள்வி: அக்கா, சாட்ஸ்வர்த் பேவ்யூவில் கூடுகிற சிறிய சபை எங்களுடையது. கிறிஸ்துமஸ் வந்தால் அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு அரிசி, பருப்பு, மீன் டின், ஒரு பொம்மை என்று பொதி கட்டிக் கொடுக்கிறோம். ஜனவரியில் பார்த்தால் அவர்கள் பாடு பழையபடிதான். காணிக்கையும் குறைவு. வேறு என்ன செய்யலாம்?
- சபைச் சகோதரி, டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: பொதியை நிறுத்தச் சொல்ல மாட்டேன் தங்கச்சி, படம் எடுப்பதை நிறுத்துங்கள். வலதுகை கொடுப்பது இடதுகைக்குத் தெரியக் கூடாது என்று பிரசங்கித்துவிட்டு, பொதி வாங்கும் பிள்ளையின் முகத்தை ஊரெல்லாம் அனுப்பினால், பள்ளியில் அதைக் காட்டிக் கேலி செய்ய நாலு பேர் இருப்பார்கள்.

பணம் குறைவு, சரி. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் உங்கள் சபையில் இல்லையா? சமூகநல வேலையில் நான் அடிக்கடி கண்டது இது: மகள் ‘சுகர்ஸ்’ போதையில் விழுந்து எங்கோ போய்விடுவாள், பேரப்பிள்ளையை ஆயா வளர்ப்பார். பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இராது. சான்றிதழ் இல்லாமல் அரசுப் பணம் கிடைக்காது என்று ஆயாவே முடிவு கட்டிவிடுவார்.

அது தவறு. 1998இல் மாதம் 100 ராண்டில் தொடங்கிய குழந்தை உதவித்தொகை, 2025 ஏப்ரலில் 560 ராண்டானது. பெற்றவள்தான் வர வேண்டும் என்றில்லை. வளர்ப்பவர் வருமான வரம்புக்குள் இருந்தால் கேட்கலாம். சான்றிதழ் இல்லாதவர், உதவித்தொகை வழங்கும் அரசு முகமையான சாசாவின் அலுவலகத்தில் ஓர் உறுதிமொழிப் பத்திரமும், உள்துறை அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டு விண்ணப்பித்ததற்கான அத்தாட்சியும், குடும்பத்தை அறிந்த மதிப்புக்குரிய ஒருவரின் சத்திய வாக்குமூலமும் கொடுக்க வேண்டும். அந்த மதிப்புக்குரியவர் பள்ளி முதல்வராக இருக்கலாம், போதகராகவும் இருக்கலாம். எத்தனை போதகர்களுக்கு இது தெரியும்? ஞாயிறுதோறும் ஏழைகளுக்காக நீளமாக ஜெபிக்கிறவர், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கையெழுத்துப் போட வரட்டும்.

முழங்கால் வலியோடு ஆயா தனியாக வரிசையில் நின்றால், “அடுத்த வாரம் வாருங்கள்” என்றதும் திரும்பிவிடுவார். கூட ஓர் ஆசிரியை போகட்டும். “எந்தத் தாள் குறைகிறது? எழுதிக் கொடுங்கள்” என்று கேட்க அவருக்கு வாய் வரும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது; வாசலில் காசு கேட்கும் தரகனுக்கும் அவரே பதில் சொல்வார். தாயும் தந்தையும் இறந்த பிள்ளையை உறவினர் வளர்த்தால் 2022 முதல் கூடுதல் தொகை உண்டு. அதையும் கேட்டு வாங்குங்கள்.

உதவித்தொகை பெறும் பிள்ளைக்குக் கட்டணம் வாங்கும் அரசுப் பள்ளியிலும் விலக்கு உண்டு. படிவம் நிரப்பக் கூச்சப்பட்டே பலர் கடனாளியாகிறார்கள்.

சமைக்க ஆசை இருந்தால் ஜூலை விடுமுறையில் சமையுங்கள். 1994இல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம் பள்ளி நாட்களில்தான் சோறு போடும். பீன்ஸ் கறியும் ரொட்டியும் போதும், பிரியாணி வேண்டாம். பரிமாற வருகிறவர்களின் பெயர்களை, பிள்ளைகளோடு பழகத் தகாதவர்களைப் பதிந்து வைக்கும் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புப் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே பிள்ளைகளோடு பழக விடுங்கள். ‘அந்த அண்ணன் பக்தியுள்ளவர்’ என்பது சான்றிதழ் அல்ல.

கேள்வி: ஆராதனைக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் உணவு என்கிறார் எங்கள் மூப்பர். சரியா?
- வாசகர், பீனிக்ஸ், டர்பன்

பதில்: சரியில்லை. காவடி எடுக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் அதே பசிதான். பாட்டுப் பாடினால்தான் தட்டு என்றால், பிள்ளை பாடும். வீட்டில் திட்டும் வாங்கும். பந்தியை ஆராதனை இல்லாத சனிக்கிழமைக்கு மாற்றச் சொல்லுங்கள். மூப்பர் மறுத்தால், கறிச்சட்டியைக் கழுவும் பெண்களிடம் பேசிப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதுதான் நடக்கும்.