கேள்வி பதில்: டைட்டா ஆடுவதா, லூசா ஆடுவதா?

கேள்வி: அண்ணே, சனிக்கிழமை இரவானால் பட்டர்வொர்த்தில் கூட்டாளி வீட்டில் எட்டுப் பேர் டெக்சஸ் ஹோல்டம் போக்கர் ஆடுகிறோம். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே முறை வைத்து இருவர் போட வேண்டிய கட்டாயக் காசு, 10 காசு, 20 காசு. ஆளுக்கு 20 வெள்ளிக்கு சிப்ஸ், அவ்வளவுதான். நல்ல சீட்டு வந்தால்தான் இறங்கணும் என்கிறார் மச்சான். நானும் அப்படியே உட்கார்ந்து பார்த்தேன், எனக்குக் ‘கல்லுப்பிள்ளையார்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். எதிரே இருப்பவனோ 7-ஐயும் 4-ஐயும் வைத்துக்கொண்டு அள்ளிக்கொண்டு போகிறான். டைட்டாக ஆடுவதா, லூசாக ஆடுவதா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, அந்த 7-4 காரன் அள்ளியது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் அதே மாதிரிக் குப்பைச் சீட்டில் அவன் கொட்டிய காசு அவனுக்கே ஞாபகம் இருக்காது. ஆட்டம் முடிந்ததும் யார் கையில் எவ்வளவு மிச்சம் என்று நாலு வாரம் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், அப்புறம் அவனைப் பற்றிப் பேசுவோம்.

நம் பேச்சில் லூசு என்றால் கிறுக்கு, டைட் என்றால் கையில் காசில்லை. போக்கரில் இரண்டும் எத்தனை கைக்கு இறங்குகிறீர்கள் என்ற கணக்கு மட்டும்தான். பத்துக்கு ஒன்றிரண்டில் இறங்குகிறவன் டைட், நாலைந்தில் இறங்குகிறவன் லூஸ். இறங்கிய பிறகு தானே ஏற்றி அடிக்கிறானா, இல்லை அடுத்தவன் போட்டதற்கெல்லாம் “சரி, பார்ப்போமே” என்று கால் செய்துகொண்டே, அதாவது அதே அளவு காசைப் போட்டுக்கொண்டே, போகிறானா என்பது வேறு விஷயம். காசைத் தின்பது இந்தப் ‘பார்ப்போமே’தான். லூசாக ஆடி ஜெயிக்கிறவர்கள் உண்டு, பார்ப்போமே என்று ஆடி நாள்பட ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க என்ன செலவு என்று பாருங்கள். எட்டுப் பேர் என்றால் ஒரு சுற்றுக்கு உங்களுக்குப் பிளைண்ட் 30 காசு. மணிக்கு 24 கை போட்டால் மூன்று சுற்று, 90 காசு. ஒரு கையும் ஆடாமல் கச்சாங் பூத்தே கொறித்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருந்தாலும் 2 வெள்ளி 70 காசுதான் போகும். ஆனால் எல்லாக் கைக்கும் 20 காசு போட்டு எட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரத்திலேயே 4 வெள்ளி 80 காசு, அதுவும் யாரும் ஏற்றாமல் இருந்தால். ஜோடியில்லாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு நடுவில் மூன்று சீட்டு விழுவதைப் பார்த்தால் மூன்றில் இரண்டு தடவை ஒன்றுமே ஒட்டாது. 101 ரம்மி ஆடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை: சீட்டு எடுக்காமலே கவிழ்த்தால் தண்டம் 20 புள்ளி, கொஞ்சம் ஆடிப் பார்த்துக் கவிழ்த்தால் 40, கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்து மாட்டினால் 80 வரை. ரம்மியில் முகம் சுளிக்காமல் கவிழ்க்கிற அதே ஆள் போக்கர் மேசைக்கு வந்தால் ஏன் 9-3-ஐக் கட்டிப்பிடித்துக்கொள்கிறார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அதற்காக உங்கள் மச்சான் சொல்வது முழுசும் சரி என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு ஏஸ் கைக்கு வருவது 221 கைக்கு ஒரு தடவை. நீங்கள் ஆடுகிற வேகத்துக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரத்துக்கு ஒன்று, அதாவது மூன்று சனிக்கிழமைக்கு ஒரு தடவை. நான் ஒரு சீனப் பெருநாள் விடுமுறையில் செந்தூலில் சித்தி மகன் வீட்டில் அப்படித்தான் தவம் கிடந்தேன். ஒன்றரை மணி நேரம் கவிழ்த்துக்கொண்டே இருந்து கடைசியில் ஏஸ் ஜோடி வந்தது, 1 வெள்ளி 20 காசுக்கு ஏற்றினேன். பக்கத்தில் இருந்த பயல் தன் 10 ஜோடியைத் திறந்து காட்டிவிட்டுக் கவிழ்த்தான். “அண்ணன் கச்சாங் பொட்டலத்தைக் கீழ வச்சிட்டார்லா, நமக்கு எதுக்கு வம்பு?” எல்லாரும் கவிழ்த்துவிட்டார்கள். ஒன்றரை மணி நேரத் தவத்துக்குக் கிடைத்த வரம், பிளைண்டில் கிடந்த 30 காசு.

அங்கே நான் லூசாக ஆடியிருக்க வேண்டும். ஆறு பேர் மேசை, எல்லாரும் பயந்து கவிழ்க்கிறவர்கள், என்னையோ கல் என்று நினைக்கிறார்கள். சுமாரான சீட்டில் ஏற்றியிருந்தால்கூடப் பிளைண்டை அள்ளிக்கொண்டே இருந்திருக்கலாம். உங்கள் மேசை நேர்மாறு. அங்கே எவனும் கவிழ்க்க மாட்டான், எனவே டைட்தான் சரி. ஆனால் சீட்டு வந்தால் சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டு ஏஸ், ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கிற ஒரே ஆளோடு மோதினால் நூற்றுக்கு 85 தடவை ஜெயிக்கும். அப்படி நாலு பேரோடு மோதினால் 56 தடவைதான். அங்கேதான் 7-4 காரன் உள்ளே நுழைகிறான். 40 காசுக்கு ஏற்றி ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போகாமல் 1 வெள்ளி 20 காசு, 1 வெள்ளி 60 காசு என்று ஏற்றுங்கள், ஒன்றிரண்டு பேர் வந்தால் போதும். ப்ளஃப், அதாவது சீட்டில்லாமலே ஏற்றிப் பயமுறுத்துவது, மட்டும் வேண்டவே வேண்டாம். கவிழ்க்கத் தெரியாதவனிடம் ப்ளஃப் செய்வது செவிடன் காதில் ஊதிய சங்கு.

உட்காரும் இடம்தான் பாதி ஆட்டம், யாரும் இதைக் கவனிப்பதில்லை. பிளைண்டுக்கு அடுத்து முதல் ஆளாகப் பேசும்போது பின்னால் ஏழு பேர் இருக்கிறார்கள், பெரிய ஜோடி, ஏஸ்-கிங், ஏஸ்-குயின் தவிர மற்றதைக் கவிழ்த்துவிடுங்கள். டீலர் பட்டன் (சீட்டுப் போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) உங்கள் முன்னால் இருந்தால் நடுச் சீட்டு விழுந்த பிறகு எல்லாரும் பேசி முடித்த பின்தான் உங்கள் முறை, அங்கே 10-9, சின்ன ஜோடி எல்லாம் மலிவாகக் கிடைத்தால் ஆடலாம். சின்ன ஜோடிக்கு மூன்றாவது சீட்டு எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான் விழும், விழாவிட்டால் விட்டுவிடுங்கள். ஒரே ராத்திரியில் ஒரே ஆள் ஓரிடத்தில் டைட், இன்னோர் இடத்தில் லூஸ், இதில் கொள்கை என்று ஒன்றும் இல்லை.

டான் ஹாரிங்டன் என்று ஓர் அமெரிக்கர், டைட் ஆட்டத்துக்குப் பேர் போனவர். 1995-இல் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் பட்டத்தை வென்றார். 2003-இல் 839 பேர், 2004-இல் 2,576 பேர் கலந்துகொண்ட போதும் அடுத்தடுத்து இறுதி மேசைக்கு வந்து மூன்றாவது, நான்காவது இடம் பிடித்தார். கல்லுப்பிள்ளையார் என்ற பேர் இருக்கிறதே, அது முதலீடு தம்பி. கவிழ்க்கத் தெரிந்த ஒரு புது ஆள் உங்கள் மேசையில் வந்து உட்காரும் நாளில் செலவு பண்ணுங்கள்.

இன்னொன்று, வீட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கு என்று சிப்ஸ் எடுக்க ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நம் நாட்டில் 1953ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட வீடுகள் சட்டம் இருக்கிறது, போலீஸ் வந்து கதவைத் தட்டினால் நீங்கள் டைட்டா லூசா என்று கேட்க மாட்டார்கள்.

கேள்வி: டைட்டாக ஆடும் முறை கெந்திங் கேசினோவில் ரூலெட்டுக்கும் உதவுமா?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உதவாது, அம்மா. போக்கரில் எதிரே மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தப்புதான் உங்கள் வரவு. ஒரே பூஜ்யம் உள்ள ரூலெட்டில் பொறுமையாக வைத்தாலும் அள்ளி வைத்தாலும் சராசரியாக 100 வெள்ளிக்கு 2 வெள்ளி 70 காசு கடைக்காரனுக்கு.

கேள்வி: ஒரே ஜாதிச் சீட்டு இரண்டு வந்தால் எப்போதும் ஆடலாமா?
– வாசகர், பிறை

பதில்: ஆடுகிறார்கள், அதனால்தான் தோற்கிறார்கள். நடுவில் விழும் முதல் மூன்று சீட்டிலேயே ஃப்ளஷ், அதாவது ஐந்தும் ஒரே ஜாதி, சேர்வது ஏறத்தாழ 120 தடவைக்கு ஒன்று. ஏஸ்-ஜாக் ஒரே ஜாதி என்றால் சந்தோஷப்படுங்கள். ஜாக்-3 எந்த ஜாதியானாலும் ஜாக்-3தான்.