மகாமக மாசியில் அறுபதாம் கல்யாணம்: ரூமுக்கு இப்போதே பணம் கட்டலாமா?

கேள்வி: சென்னையில் இருக்கிறோம். பதினான்கு வருஷமாகக் குலதெய்வம் கும்பிட வரும்போதெல்லாம் கும்பகோணத்தில் ஒரே லாட்ஜில்தான் தங்குகிறோம். அப்பா பிறந்தது 1968 மாசி. 2028 மாசியில் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வைத்திருக்கிறோம். பத்து ரூம் வேண்டும். லாட்ஜில் கேட்டால் "இன்னும் ஓப்பன் பண்ணலை சார்" என்கிறார்கள். அதே லாட்ஜில் ரூம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் பாதிப் பணம் கேட்கிறார். இத்தனை வருஷம் போனதற்கு மரியாதையே இல்லையா? ஏஜென்ட்டிடம் கட்டிவிடலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

லாட்ஜ்காரர் ஏன் மழுப்புகிறார் என்று சொல்கிறேன். உங்கள் அப்பா பிறந்த 1968-ம் மகாமக வருஷம்தான். மகாமகம் குரு கிரகத்தின் சுற்றை வைத்து வருவது. அது ஒரு சுற்றுச் சுற்ற சுமார் பன்னிரண்டு வருஷம். ஐந்து சுற்றுக்கு அறுபது. அதனால்தான் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும் அதே பிலவங்க என்ற தமிழ் வருஷமும் மகாமகமும் அவருடைய அறுபதில் சேர்ந்து திரும்பி வருகின்றன. குடும்பத்துக்கு இது பெரிய பாக்கியம். லாட்ஜ் முதலாளிக்கோ பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும் அறுவடை. விலையை எவ்வளவு ஏற்றலாம் என்று அவருக்கே இன்னும் தெரியாது. அதனால்தான் காலண்டரை மூடி வைத்திருக்கிறார்.

நான் கும்பகோணத்தில் லாட்ஜ் ரிசப்ஷனில் பல வருஷம் உட்கார்ந்தவன். உங்களைப் போன்ற வாடிக்கையாளரின் பெயர் எந்த ரிஜிஸ்டரிலும் தனியாக இருக்காது. கவுன்டரில் இருக்கும் பையனின் ஞாபகத்தில்தான் இருக்கும். அவன் வேலையை விட்டுப் போனால் உங்கள் பதினான்கு வருஷமும் அவனோடு போய்விடும். அதே சமயம், மாதம் நாலு வேன் அனுப்பும் டூர் கம்பெனிக்கு மொத்தமாக ரூம் ஒதுக்கி வைப்பார்கள். நிம்மதியாக வந்து, நேரத்துக்குப் பணம் கட்டி, ஒரு டவலைக்கூடத் தூக்காமல் போகிற குடும்பம் வெளியே நிற்கும். இதைப் பல தடவை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், மனசு கொதிக்கும்.

இப்போது அந்த ஏஜென்ட். லாட்ஜே திறக்காத தேதிக்கு இவர் கையில் ரூம் எப்படி வந்தது? வரவில்லை. உங்களைப் போல் இருபது பேரிடம் பணம் சேர்த்துக்கொண்டு, திறக்கிற அன்றைக்கு வாங்கப் பார்ப்பார். கிடைத்தால் உங்களுக்கு, கிடைக்காவிட்டால் "பக்கத்திலேயே அதே தரத்தில் போட்டிருக்கேன் சார்". அந்தப் பக்கம் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 2016 மகாமகத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஒரு குடும்பம் எங்கள் கவுன்டருக்கு வந்தது. கையில் எங்கள் லாட்ஜ் பெயர் போட்ட பிரின்ட் அவுட், கூட எண்பது வயதுப் பாட்டி. அந்தப் பெயரில் எங்களிடம் ஒரு புக்கிங்கும் இல்லை. பாட்டியை வராந்தா பெஞ்சில்தான் படுக்க வைக்க முடிந்தது. அந்த ஏஜென்ட் அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

திருக்கடையூரில் ரூம், ஹோமம், மாலை, சாப்பாடு எல்லாம் சேர்த்து "பேக்கேஜ்" பேசுகிறவர்களிடமும் இதே எச்சரிக்கைதான். யாருக்குப் பணம் அனுப்பினாலும் யுபிஐ-யில் பின் நம்பர் போடுமுன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். லாட்ஜின் பெயர் இல்லாமல் தனி ஆளின் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. ரிசப்ஷனை விட்டுவிட்டு முதலாளிக்கே கடிதம் எழுதுங்கள். பழைய பில்கள் இருந்தால் நகல் இணையுங்கள். "புக்கிங் திறக்கும்போது முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள், ஒருநாள் வாடகையை முன்பணமாகக் கட்டுகிறோம்" என்று கேளுங்கள். பேச்சில் எவ்வளவு நல்ல வார்த்தை வந்தாலும், லெட்டர்ஹெட்டில் ரூம் எண்ணிக்கை, தேதி, வாடகையின் உச்ச வரம்பு மூன்றும் வர வேண்டும். "ரேட் அப்புறம் பேசிக்கலாம்" என்றால் அது புக்கிங்கே இல்லை. வாடகை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்றும் கேளுங்கள். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. மகாமக விலை அந்தக் கோட்டைத் தாண்டலாம். செக்-அவுட் 24 மணி நேரமா, மதியம் 12 மணியா? விடியற்காலையில் வந்து இறங்கினால் 12 மணிக் கணக்கில் இரண்டு நாள் வாடகை விழும்.

இதைவிட முக்கியமானது தேதி. எனக்கு அனுப்பிய கேள்வியில் அப்பாவின் நட்சத்திரத்தை நீங்கள் எழுதவில்லை. அறுபதாம் கல்யாணத்துக்கு இங்கிலீஷ் தேதி கணக்கில்லை. அதே தமிழ் மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் வரும் நாள்தான். சந்திரன் இருபத்தேழு நட்சத்திரத்தையும் 27 நாள் சொச்சத்தில் சுற்றிவிடும். மாசிக்கோ 29 அல்லது 30 நாள். அதனால் மாசி பிறந்த முதல் இரண்டு நாளில் வரும் நட்சத்திரம் கடைசியில் இன்னொரு தடவை வரும். அப்படி இரண்டு வந்தால் எங்கள் பக்கம் பெரும்பாலும் இரண்டாவதை எடுப்பார்கள். சில வீடுகளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்புறம், வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரம் சில மணி வித்தியாசப்படும். சாயங்காலம் முடிகிறதா, விடியுமுன்பே முடிகிறதா என்பதில் நாளே மாறிவிடும். உங்கள் வீட்டுப் புரோகிதர் ஒரு பஞ்சாங்கமும் கோயில் குருக்கள் வேறொன்றும் பார்த்தால் பத்து ரூமும் தப்பான ராத்திரிக்குப் போட்டதாகும். ஆகவே பிலவங்க வருஷப் பஞ்சாங்கம் வந்து, இருவரும் ஒரே நாளைச் சொன்ன பிறகு தேதியை முடிவு செய்யுங்கள். 2027 சித்திரைக்குள் பஞ்சாங்கம் கைக்கு வந்துவிடும். அதுவரை எந்த லாட்ஜிலும் "கேன்சலுக்குப் பணம் திரும்பாது, ஆனால் ஒருமுறை தேதி மாற்றலாம்" என்ற ஒரு வரியையாவது எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, உங்களுக்குப் பிடிக்காது. மகாமக வாரத்தில் கும்பகோணத்தில் தங்காதீர்கள். 1992-ல் அங்கே மகாமகக் குளத்து நெரிசலில் உயிர்கள் போயின; அந்த நாட்களில் போலீஸ் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடும். ஹோமம் காலையிலேயே தொடங்கும். அங்கிருந்து கிளம்பித் திருக்கடையூர் சேர்வது பெரியவர்களுக்குத் தண்டனை. மயிலாடுதுறையில் இருந்து இருபது கிலோமீட்டர்ச் சொச்சம்தான். பத்து ரூமும் அங்கேயோ காரைக்கால் பக்கமோ போடுங்கள். தீர்த்தமாட ஆசை இருந்தால் விழா முடிந்து இளையவர்கள் மட்டும் போய் வரலாம்.

பணம் ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வரும்போது அப்பாவின் அறுபது முடிந்துபோயிருக்கும். அதனால்தான் முன்கூட்டியே இவ்வளவு கெஞ்சுகிறேன்.

ரயிலையும் கணக்கில் வையுங்கள். முன்பு 120 நாளுக்கு முன்பே டிக்கெட் எடுக்கலாம். 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். லாட்ஜில் ரொம்ப முன்னாலேயே ரூம் போட வேண்டியிருக்கிறது, ரயில்வே இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் கதவைத் திறக்கிறது, நடுவில் தொங்குவது நாம். ஆகவே பணம் பிடிக்காமல் ரூமை விட்டுக்கொடுக்கக் கடைசித் தேதி, டிக்கெட் திறக்கும் நாளுக்கு ஒரு வாரம் பிந்தியதாக இருக்கட்டும். யார் யாருக்குச் சீட் கிடைத்தது என்று தெரிந்தபின் பத்து ரூமில் இரண்டை விட்டுவிடலாம்.