ஹயசிந்த் கிழங்கு: கேளுங்கள், சொல்கிறேன்

அக்டோபர் இரண்டாவது வாரம் ஆகிவிட்டது, வசந்தத்தில் மணக்க மணக்கப் பூக்கும் ஹயசிந்த் செடியின் கிழங்கு கடைகளில் வலைப்பையில் தொங்க ஆரம்பித்துவிட்டது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எனக்கும் கை ஓய்ந்துவிட்டது. அதனால் எல்லாம் இங்கேயே, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு கேள்வியும் அதன் கீழே என் பதிலும். நான் இருப்பது இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பக்கம், களிமண் தோட்டம், அதை வைத்துத்தான் பேசுவேன். ஆரம்பிக்கும் முன் ஒன்று. இந்தக் கிழங்கு அச்சு அசலாகச் சிவப்பு வெங்காயம் மாதிரி இருக்கும், ஆனால் விஷம். சமையலறையில் வைக்காதீர்கள். தொடும்போது கையுறை போடுங்கள், தோலில் உள்ள ஊசி போன்ற ஆக்ஸலேட் படிகங்கள் பட்டால் அரிப்பு எடுக்கும்.

ஹாரோ: அக்கா, புது வீட்டுக்கு வந்திருக்கிறோம், முன்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. ஹயசிந்த் முதல் தடவை. எப்போது நடுவது, எவ்வளவு ஆழம்?

செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நடலாம், மண் உறைவதற்குள் வேர் விட்டுவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. கூர்முனை மேலே, தட்டையான அடி கீழே. தலைக்கு மேல் 10 செ.மீ. மண் வருகிற மாதிரி குழி, கிழங்குக்குக் கிழங்கு 8 முதல் 10 செ.மீ. இடைவெளி. வெயில் படும் இடம் நல்லது, அரை நிழலிலும் வரும். இதையெல்லாம் விட முக்கியம் தண்ணீர் வடிவது. உங்கள் பக்கத்துக் களிமண்ணில் குளிர்கால மழை தேங்கி நின்றால் கிழங்கு அழுகிப் போகும். இந்த ஊரில் குளிரால் சாகும் ஹயசிந்தை விட ஈரத்தால் சாவதுதான் அதிகம். நடும் இடத்தை நன்றாகக் கிளறி, பொடிக்கல்லும் மக்கிய இலையும் தாராளமாகக் கலந்துவிடுங்கள், அப்படியும் தேங்கினால் பேசாமல் தொட்டிக்குப் போங்கள்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பையில் 14/15, 18/19 என்று போட்டிருப்பது கிழங்கின் சுற்றளவு, சென்டிமீட்டரில். எல்லோரும் பெரியதைத்தான் அள்ளுகிறார்கள், ஆனால் தோட்டத்துக்குச் சின்னதே மேல், ஏனென்றால் பெரிய கிழங்கு விடுகிற கனத்த பூங்கொத்து வசந்த மழையில் நனைந்து அப்படியே மண்ணில் சாய்ந்துவிடும். பெரியதை வீட்டுக்குள் வைக்கும் தொட்டிக்கும் கண்ணாடிக் குவளைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், தோலைப் பார்த்தே பூ நிறத்தை ஓரளவு ஊகிக்கலாம், ஊதாத் தோல் என்றால் பெரும்பாலும் நீலம், ஊதா பக்கம், வெளிறிய தோல் என்றால் வெள்ளை அல்லது மஞ்சள். பை மாறிப்போனால் உதவும்.

ஈஸ்ட் ஹாம்: கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குள் பூக்க வைக்க இப்போது நட்டால் போதுமா?

போதாது. அதற்கென்று முன்கூட்டியே வெப்பநிலை மாற்றிப் பதப்படுத்திய கிழங்கு தனியாக விற்கிறார்கள், அதையும் செப்டம்பருக்குள் நட்டிருக்க வேண்டும். இப்போது அதே கிழங்கை நட்டால் பத்து வாரம் இருட்டும் குளிரும், 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஷெட் போன்ற இடத்தில், அப்புறம் மூன்று வாரம் வெளிச்சமான ஆனால் சூடு இல்லாத அறையில். கணக்குப் போட்டால் பொங்கலுக்கு வருகிறது. எனக்கு அதுதான் பிடித்த ஏற்பாடு. பதப்படுத்தாத சாதாரணக் கிழங்கு என்றால் இன்னும் தள்ளிப்போகும்.

சென்னை, அம்பத்தூர்: மேடம், ஆன்லைனில் ஹயசிந்த் கிழங்கு வாங்கிவிட்டேன். மொட்டை மாடியில் வருமா? ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்கிறார்களே?

மொட்டை மாடியில் வராது, வீட்டுக்குள் ஒரே ஒரு தடவை வரவைக்கலாம். இது துருக்கி, சிரியா, லெபனான் மலைப் பக்கத்துச் செடி, குளிர்காலம் ஒன்று கடந்தால்தான் பூத்தண்டு நீளும். அந்தக் குளிர்காலத்தை நீங்கள் ஃபிரிட்ஜில் உண்டாக்க வேண்டும்: காகிதப் பையில் போட்டு, கீழ்த்தட்டில், பன்னிரண்டு முதல் பதினான்கு வாரம். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூசணம் பிடிக்கும். அதே ஃபிரிட்ஜில் ஆப்பிளோ வாழைப்பழமோ இருக்கக் கூடாது, பழுக்கும் பழம் விடுகிற எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கருக்கிவிடும். ஃபிரிட்ஜில் பழமே வைக்காமல் மூன்று மாதம் உங்கள் வீட்டில் ஓடுமா என்று முதலில் யோசியுங்கள். பையின் மேல் "வெங்காயம் அல்ல, விஷம்" என்று பெரிதாக எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, வீட்டில் சமைப்பவர், உதவிக்கு வருபவர் எல்லோரிடமும் வாயால் சொல்லுங்கள்.

இப்போது வைத்தால் ஜனவரியில் எடுக்கலாம், உங்களுக்கு அதுதான் தோதான நேரம். கழுத்து குறுகிய கண்ணாடிக் குவளையில், தண்ணீர் கிழங்கின் அடியைத் தொடாமல் ஒரு நூல் கீழே நிற்கும்படி வையுங்கள், தொட்டால் அழுகும். வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை எதுவோ அங்கே வைக்க வேண்டும். பூ சில நாள்தான் நிற்கும், வெக்கையில் அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மாடியில் மணக்க மணக்கக் கிழங்குச் செடி வேண்டும் என்றால் சம்பங்கி இருக்கிறது, குளிரே கேட்காது, வருஷா வருஷம் பூக்கும், காசும் மிச்சம்.

கோயம்புத்தூர்: எங்கள் ஊர் சென்னையை விடக் குளிர்ச்சி. இங்கே மண்ணில் வருமா?

வராது. அம்பத்தூருக்கு எழுதியதே உங்களுக்கும்.

மதுரை: ஃப்ரீஸரில் வைத்தால் சீக்கிரம் முடியாதா?

முடியும், கிழங்கின் ஆயுள். உறைந்தால் உள்ளே எல்லாம் கூழாகிவிடும்.

ஊட்டி: எங்களுக்கு டிசம்பரில் உறைபனியே விழுகிறது. ஃபிரிட்ஜ் எதற்கு?

நியாயமான கேள்வி. உங்கள் ஊரில் விடியற்காலை புல் வெளுத்திருக்கும், ஆனால் பத்து மணிக்கு வெயில் ஏறி இருபது டிகிரியைத் தொட்டுவிடும். கிழங்கு பார்ப்பது இரவின் உச்சக் குளிரை இல்லை, மண்ணுக்குள் வாரக்கணக்கில் விடாமல் நிற்கும் குளிரை. அது உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் ஃபிரிட்ஜில் குளிர வைத்த கிழங்கை ஜனவரியில் வெளியே தொட்டியில் வைத்தால் சென்னைக்காரரை விட உங்களிடம் பூ நிறைய நாள் நிற்கும். இந்தியாவில் ஃபிரிட்ஜ் இல்லாமல் வரும் இடம் வேண்டும் என்றால் காஷ்மீர், ஸ்ரீநகர் துலிப் தோட்டத்தில் ஹயசிந்தும் பாத்தி பாத்தியாக நட்டிருக்கிறார்கள்.

நுவரெலியா: நாங்கள்?

ஊட்டிக்குச் சொன்னதுதான்.

செங்கல்பட்டு: எங்கள் ஏரி முழுக்க ஹயசிந்த் படர்ந்துவிட்டது, எப்படி அழிப்பது?

அது ஆகாயத்தாமரை, வேறு குடும்பம், கிழங்கும் இல்லை. ஊராட்சியில் மனுக் கொடுங்கள்.

டார்ட்மண்ட்: போன வருஷம் வீட்டுக்குள் வைத்தது இலைக்கு நடுவிலேயே குட்டையாகப் பூத்து அமுங்கிவிட்டது. உரம் போதவில்லையா?

உரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்த வருஷப் பூவுக்கு வேண்டியதெல்லாம் கிழங்கு வாங்கும்போதே உள்ளே இருக்கிறது. குளிர் வாரம் குறைந்திருக்கும், இல்லையென்றால் முளை எட்டிப் பார்த்ததும் ஆசைப்பட்டு ஹீட்டர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்திருப்பீர்கள். மொட்டு கழுத்தைத் தாண்டி வெளியே தெரிந்த பிறகுதான் உள்ளே எடுக்க வேண்டும், எடுத்ததும் ஒரு வாரம் 10 டிகிரி வாக்கில் உள்ள அறையில் வைக்க வேண்டும். அடுத்த முறை குட்டையாக நின்றால் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிச் சில நாள் கவிழ்த்து வையுங்கள், வெளிச்சம் தேடித் தண்டு கொஞ்சம் நீளும்.

ஸ்கார்பரோ, கனடா: தங்கச்சி, பால்கனித் தொட்டியில் நட்டால் எங்கள் குளிருக்குத் தாங்குமா? அணில் வேறு.

நிலத்தில் தாங்கும் அண்ணா, தொட்டியில் சிரமம். நிலத்தில் சுற்றியுள்ள மண்ணே போர்வை, தொட்டியில் நான்கு பக்கமும் காற்று, வேர் கட்டியாக உறைந்துவிடும். சூடுபடுத்தாத கராஜில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் லேசாகத் தண்ணீர் விட்டு, பனி விட்டதும் வெளியே எடுங்கள். அணில் துலிப்பைத்தான் தேடும், ஹயசிந்தைப் பொதுவாகத் தின்னாது, ஆனால் புதிதாகக் கிளறிய மண் என்றால் தோண்டிப் பார்க்கும். மேலே கோழிவலை போடுங்கள்.

மில்டன் கீன்ஸ்: எங்கள் நாய் தோட்டத்தைத் தோண்டுகிற பழக்கம். பயப்பட வேண்டுமா?

பயப்படுங்கள். நாய்க்கும் பூனைக்கும் ஆகாது, இலை பூவை விடக் கிழங்கில்தான் விஷம் அதிகம். தின்றுவிட்டால் வாந்தி வரும் வரை காத்திருக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நடாமல் மிச்சம் இருக்கும் கிழங்கை ஷெட்டில் உயரத்தில் வையுங்கள், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் இல்லை, இதை இன்னும் எத்தனை தடவை சொல்வேனோ.

லெஸ்டர்: தொட்டியில் பூத்து முடித்த கிழங்கைத் தூக்கிப் போடுவதா, வைத்துக்கொள்வதா?

வைத்துக்கொள்ளுங்கள். வாடிய பூக்களை மட்டும் நறுக்கிவிட்டு இலையைத் தொடாதீர்கள், தானாக மஞ்சளாகிச் சாய ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம், அதுவரை அது கிழங்குக்குச் சோறு சமைக்கிறது. தக்காளிச் செடிக்குப் போடும் பொட்டாஷ் உரம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இலையை முடிச்சுப் போடாதீர்கள். காய்ந்த பிறகு எடுத்துத் தோட்டத்தில் வெயில் படும் இடத்தில் நட்டுவிடுங்கள். வெறும் தண்ணீரில் பூத்தது என்றால் அது வற்றிப் போயிருக்கும், தேறுமா என்பது அதிர்ஷ்டம்.

ஸ்கார்பரோ: இதில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டாம் வருஷம் பத்துப் பூவோடு சோனியாக வரும். ஹாலந்துக்காரனே வருஷா வருஷம் புதிதுதானே நடுகிறான்? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதுதான் சரி.

அண்ணா, அங்கே கெய்கன்ஹோஃப் மாதிரிக் காட்சித் தோட்டத்தில் புதிதாக நடுவார்கள், அவர்களுக்கு ஒவ்வொரு வசந்தமும் கண்காட்சி. கிழங்கு விளைவிக்கும் விவசாயி அப்படிச் செய்வதில்லை. அவர் பூத்ததும் தலையைக் கொய்துவிட்டு இலையை விடுகிறார், கிழங்கு பெருக்க. கோடையில் தோண்டி எடுத்துச் சூடான கிடங்கில் வைக்கிறார், அந்தச் சூட்டில்தான் அடுத்த வருஷப் பூ உள்ளே உருவாகிறது. நம் ஈர மண்ணில் அந்தச் சூடு கிடைக்காததால்தான் கொத்து மெலிகிறது, கிழங்கு செத்துப்போனதால் இல்லை.

ஸ்கார்பரோ: அப்படியென்றால் மெலியும் என்று நீங்களே சொல்கிறீர்கள்!

மெலியும் என்று நான் மறுக்கவே இல்லையே. மெலிந்ததுதான் அழகு என்கிறேன். மலையில் தானாக வளரும் ஹயசிந்தில் பூ தள்ளித் தள்ளித்தான் இருக்கும். அந்தக் குண்டுக் கொத்து மனிதர் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உண்டாக்கியது, குச்சி கட்டாமல் அதனால் நிற்கக்கூட முடிவதில்லை.

கிராய்டன்: அக்கா சொல்வது சரி. மாமியார் வீட்டு வாசலில் வருஷக்கணக்காக வருகிறது, யாரும் எதுவும் செய்வதில்லை.

ஸ்கார்பரோ: பால்கனிக்காரனுக்கு வாசல் எங்கே இருக்கிறது? நான்கு தொட்டி, அதில் மூன்று சோனி என்றால் எனக்கு எதற்கு?

இதை முன்பே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நான்கு தொட்டிதான் இடம் என்றால் புதிது வாங்குங்கள், பழையதை நிலம் உள்ளவருக்குக் கொடுங்கள். குப்பையில் மட்டும் போடாதீர்கள்.

ரெடிங்: ஒரு கிழங்கிலிருந்து நிறைய உண்டாக்க முடியுமா?

அப்பாடா, ஒரு நல்ல கேள்வி. தானாக விட்டால் மெதுவாகத்தான் பெருகும், அதனால் காயப்படுத்த வேண்டும். கோடையில், உறங்கும் கிழங்கைக் கவிழ்த்து, அடித்தட்டில் நட்சத்திரம் மாதிரி மூன்று வெட்டு, தட்டைத் தாண்டிச் சதைக்குள் இறங்கும்படி. கத்தியைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், பூசணக்கொல்லிப் பொடி தூவுங்கள், உலர்ந்த மணலில் தலைகீழாக, வெதுவெதுப்பான இருட்டில் வையுங்கள். சில வாரங்களில் வெட்டு விரிந்து, ஓரமெல்லாம் அரிசி மாதிரிக் குட்டிக் கிழங்குகள் முளைக்கும். இலையுதிர் காலத்தில் தாயைத் தலைகீழாகவே மண்ணில் புதைத்துவிடலாம். குட்டி பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். கடைக் கிழங்கு விலையைப் பார்த்தால் லாபமே இல்லை, ஆனாலும் நான் செய்வேன்.

ஸ்லவ்: எப்போது நட வேண்டும், எவ்வளவு ஆழம்?

ஹாரோ.

பர்மிங்ஹாம்: எப்போது நட வேண்டும் என்று சொல்லவில்லையே?

ஹாரோ, ஹாரோ. முதல் கேள்வி.

வெம்பிளி: ஒரே தொட்டியில் நீலம், வெள்ளை, மஞ்சள் கலந்து வைக்கலாமா?

வைக்காதீர்கள். ரகத்துக்கு ரகம் பூக்கும் நாள் மாறும், ஒன்று வாடும்போது இன்னொன்று மொட்டாக நிற்கும். தொட்டிக்கு ஒரே ரகம் வாங்குங்கள். நீலத்துக்கு டெல்ஃப்ட் புளூ, வெள்ளைக்குக் கார்னகி, மஞ்சளுக்கு சிட்டி ஆஃப் ஹார்லெம், 1893-லேயே வந்த ரகம், இன்னும் அதை மிஞ்சும் மஞ்சளை நான் பார்க்கவில்லை, அது கொஞ்சம் தாமதமாகத்தான் பூக்கும். கலர் கலந்து வேண்டும் என்றால் தனித்தனிச் சின்னத் தொட்டியில் வளர்த்து, ஒரே உயரத்தில் மொட்டு வந்ததை மட்டும் பொறுக்கி ஒரு பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள்.