கேதார்காந்தாவுக்கு ஸ்னோஷூ வேண்டுமா?

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர், மீசைப்புலிமலை ஏறிப் பழகியவர்கள். ஜனவரியில் உத்தராகண்டில் கேதார்காந்தா ஏறப்போகிறோம். பனியில் நடக்க ஸ்னோஷூ வாங்கிவிடலாமா சார்?
– வாசகர், மூணாறு

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். ஸ்னோஷூ என்பது ஷூவுக்கு அடியில் மாட்டும் அகலமான சட்டம்; உடல் எடையை அகலமாகப் பரப்பிவிடும், அதனால் புதிதாக விழுந்த பொலபொல பனியில் கால் முட்டிவரை புதையாது, அவ்வளவுதான் அதன் வேலை. கேதார்காந்தாவிலோ குளிர்காலத்தில்தான் கூட்டமே; பாதை மிதிபட்டு இறுகிக் கிடக்கும், அங்கே பிரச்சினை வழுக்கல். அதற்கு ஷூவின்மேல் மாட்டும் இரும்புப் பல் வைத்த மைக்ரோஸ்பைக்கும், ஷூவுக்குள் பனி போகாமல் தடுக்கக் காலைச் சுற்றி மாட்டும் கெய்ட்டர் உறையும் போதும். ஆளே போகாத சரிவில் புதுப்பனியில் வழி போட்டு ஏறுவதென்றால் சரி, ஸ்னோஷூ வேண்டும், கூடவே பனிச்சரிவு அபாயம் தெரிந்த வழிகாட்டியும்.

அப்புறம், மீசைப்புலிமலை 2,640 மீட்டர், கேதார்காந்தா சுமார் 3,800. உங்கள் ஊர் உறைபனியைப் பார்த்த தைரியம் உயரத்துக்கு உதவாது. தலைவலியோடு குமட்டலும் வந்தால் உயரம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலே ஏறாதீர்கள், அவை அதிகமானால் உடனே இறங்குங்கள். கிண்டலுக்குப் பயந்து மறைக்கிற ஆள் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், அவரைக் கவனியுங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது.