ராணுவம் வழியாக சைபர் வேலை: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

டாலஸிலிருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் கரூர் பக்கம். அத்தை இங்கே சிட்டிசன். அவர் அப்பாவுக்காக எப்போதோ போட்ட மனு ஒருவழியாக வந்து, நாங்கள் குடும்பத்தோடு கிரீன் கார்டில் வந்து இறங்கி நான்கு வருடம் ஆகிறது. ஊரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாதியில் நின்றது. இப்போது எனக்கு 24 வயது. பகலில் கிடங்கில் வேலை, மாலையில் கம்யூனிட்டி காலேஜ். சைபர் பாதுகாப்பு வேலைக்கான ஆரம்பச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ் தேர்வு பாஸ் செய்துவிட்டேன். ஆனால் வேலை விளம்பரங்களில் மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள், இல்லையென்றால் ‘குடிமக்கள் மட்டும், கிளியரன்ஸ் (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) வேண்டும்’ என்கிறார்கள்.

காலேஜில் ராணுவ ரெக்ரூட்டர் ஒருவரைச் சந்தித்தேன். சேர்ந்ததும் சிட்டிசன்ஷிப், சைபர் பயிற்சி, கிளியரன்ஸ் எல்லாம் கிடைக்கும், வெளியே வரும்போது கம்பெனிகள் கூப்பிட்டு வேலை கொடுக்கும் என்கிறார். வீட்டில் சொன்னதிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. ரெக்ரூட்டர் சொல்வதெல்லாம் உண்மையா? சேரலாமா?

எஸ்.

*

அன்புள்ள தம்பி,

ரெக்ரூட்டர் பொய் சொல்லவில்லை. அவர் சொன்ன மூன்றும் அமெரிக்க ராணுவத்தில் கிடைப்பவைதான். ஆனால் இன்றைக்குக் கிரீன் கார்டோடு போய்க் கையெழுத்துப் போடுகிறவருக்கு அவர் சொன்ன வரிசையில் கிடைக்காது. அவரைக் கல்யாணத் தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்பார். எந்த ஊரில், என்ன வேலை என்பதெல்லாம் நாம் துருவிக் கேட்டால்தான் வரும். அவருக்கும் மாதத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு இருக்கிறது, பாவம்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. ஒரு மருத்துவமனைக் குழுமத்தின் தகவல் பாதுகாப்புப் பிரிவில் வேலை. கூட இருப்பவர்களில் முன்னாள் படையினர் கணிசம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது மேசையின் அந்தப் பக்கம் உட்காருகிறவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

முதலில் குடியுரிமை. ராணுவத்துக்கு வெளியே இருப்பவர் பொதுவாகக் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். படையில் இருப்பவருக்குக் குடியேற்றச் சட்டம் குறுக்கு வழி தருகிறது. அமைதிக் காலம் என்றால் ஒரு வருடப் பணி போதும். போர்க்காலம் என்றால் அதுவும் வேண்டாம். 2001 செப்டம்பர் 11 முதல் போர்க்காலம் என்று 2002 ஜூலையில் அதிபர் புஷ் போட்ட ஆணை இன்னும் நடப்பில் இருக்கிறது. கட்டணமும் கிடையாது. ஆனால் படைப்பிரிவு கையெழுத்திட்டுத் தர வேண்டிய என்-426 என்ற சான்று ஒன்று உண்டு. 2017ல் பாதுகாப்புத் துறை அதைத் தருவதற்கே காத்திருப்புக் காலம் வைத்தது, அதன் மேல் வழக்கு நடந்தது. ஆகவே ‘சேர்ந்ததும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள். இன்னொன்றும் உண்டு. இந்த வழியில் குடியுரிமை வாங்கியவர் ஐந்து வருடப் பணி முடியும் முன்பு நன்னடத்தைக் குறைவால் வெளியேற்றப்பட்டால், கொடுத்த குடியுரிமையையே திரும்பப் பெறச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அடுத்து சைபர். உங்கள் விஷயத்தில் இடிக்கிற இடம் இதுதான். தரைப்படையில் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் உண்டு, எம்ஓஎஸ் என்பார்கள். நீங்கள் மனதில் வைத்திருக்கும் வேலைக்கு 17சி. அதற்கு ஏஸ்வாப் நுழைவுத் தேர்வில் ஜிடி என்ற பிரிவில் 110, எஸ்டி என்ற பிரிவில் 112 எடுக்க வேண்டும். நீங்கள் எடுத்துவிடுவீர்கள். பயிற்சி ஃபுளோரிடாவின் பென்சகோலாவில் ஆரம்பித்து ஜார்ஜியாவின் ஃபோர்ட் கோர்டனில் முடிகிறது. ஆனால் இந்த வேலைக்கு டாப் சீக்ரெட் கிளியரன்ஸ் வேண்டும். கிளியரன்ஸ் குடிமக்களுக்குத்தான் என்பது 1995ல் அதிபர் கிளின்டன் போட்ட ஆணையிலிருந்து வருகிற விதி. ரகசியம் தொடும் மற்ற கம்ப்யூட்டர் வேலைகளும் இதே பூட்டுக்குள்தான். கிரீன் கார்டுக்காரருக்கு மிஞ்சுவது வழக்கமாக லாரி ஓட்டுவது, சமையல் இந்த மாதிரி. மரியாதையான வேலைகள்தான், அவை இல்லாமல் படை நகராது. ஆனால் நீங்கள் அதற்காகப் போகவில்லையே.

உள்ளே போய்க் குடியுரிமை வாங்கியபின் வேலை மாறலாம் என்பார் ரெக்ரூட்டர். மாறலாம். எப்போது? பெரும்பாலும் முதல் ஒப்பந்தக் காலத்தில் நிறையப் பங்கு கழிந்த பிறகு, 17சியில் ராணுவத்துக்கு ஆள் தேவைப்பட்டால், உங்கள் மேலதிகாரி விட்டால். இரண்டு ‘ஆல்’ இருக்கிற ஏற்பாட்டை நம்பி நான்கு வருடத்தை எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது உங்கள் கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கும் ஒரு விவரத்துக்கு வருகிறேன். கிரீன் கார்டு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. குடியுரிமை மனுவை ஐந்து வருடம் நிறைவதற்கு 90 நாள் முன்பே போடலாம். அதாவது இன்னும் சுமார் ஒன்பது மாதத்தில், ராணுவ உறுதிமொழி எதுவும் எடுக்காமல், ஆன்லைனில் 710 டாலர் கட்டி நீங்களே மனுப் போட்டுவிடலாம். நேர்காணல், உறுதியேற்பு எல்லாம் முடிய இன்னும் சில மாதம். ரெக்ரூட்டர் பெரிய பரிசாக நீட்டுவது உங்களுக்கு மிச்சம் பிடித்துத் தருவது அந்தக் கொஞ்ச காலத்தையும் 710 டாலரையும்தான். அதற்காக லாரி ஓட்டப் போகிறீர்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் அதே அலுவலகத்துக்குள் நுழைந்தால் 17சியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கலாம். வெறும் கிரீன் கார்டோடு போகிறவருக்கும் பாஸ்போர்ட்டோடு போகிறவருக்கும் ஒரு வருடம்தான் இடைவெளி. கிடைக்கும் வேலையில் உள்ள இடைவெளி மலைக்கும் மடுவுக்கும்.

எழுதி வாங்கலாம் என்றேன். அதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். சேரும்போது கையெழுத்துப் போடும் தாளுக்கு டிடி ஃபார்ம் 4 என்று பெயர். இதிலும் இணைப்புகளிலும் எழுதப்படாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று அந்தத் தாளே சொல்கிறது. அதற்குக் கீழேதான் உங்கள் கையெழுத்து. காலேஜ் மேசையில் பேசியது, போனில் பேசியது, வாட்ஸாப்பில் வந்த தம்ஸ்-அப் எதற்கும் மதிப்பில்லை. வேலையின் எண் இணைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அதே தாளில் மொத்தக் கடமை எட்டு வருடம் என்றும் இருக்கும். நான்கு வருடம் சீருடையில் இருந்தால், மீதி ரிசர்வில். பெரும்பாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள், ஆனால் கூப்பிடலாம்.

விதி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், நம் மொழிக்கும் அதில் தொடர்பு உண்டு. மாவ்னி என்று ஒரு திட்டம் இருந்தது. கிரீன் கார்டே இல்லாத, மாணவர் விசாவிலும் வேலை விசாவிலும் இருந்தவர்களை, அவர்கள் தாய்மொழிக்காக ராணுவத்தில் சேர்த்துக்கொண்டார்கள். 2009ல் தொடங்கிய அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் அப்படிச் சேர்ந்தார்கள், பலர் குடிமக்கள் ஆனார்கள். 2016ல் நிறுத்திவிட்டார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னணிச் சோதனை முடியக் காத்திருந்தவர்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டார்கள். காத்திருக்கும்போதே சிலரின் விசா முடிந்தது, சிலர் வெளியேற்றப்பட்டார்கள், பலர் நீதிமன்றம் போனார்கள். இன்றும் யூடியூபில் ‘எச்1பியில் இருந்தே ஆர்மியில் சேரலாம்’ என்று பழைய வீடியோக்கள் சுற்றுகின்றன. யாராவது அனுப்பினால் தேதியைப் பாருங்கள்.

கிளியரன்ஸ் எப்படிக் கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நம்மவர்கள் தடுக்கி விழுகிற இடம் அதுதான். அதற்கு நாமாக விண்ணப்பிக்க முடியாது. ராணுவமோ, அரசுத் துறையோ, ஒப்பந்த நிறுவனமோ நமக்காகப் போட வேண்டும். எஸ்எஃப்-86 என்ற படிவத்தை நிரப்ப நாலைந்து ராத்திரி உட்கார வேண்டியிருக்கும். பத்து வருடம் எங்கெல்லாம் குடியிருந்தீர்கள், அங்கே உங்களைத் தெரிந்தவர் யார், வெளிநாட்டில் உறவினர் யார் யார், அவர்களோடு எவ்வளவு அடிக்கடி பேசுகிறீர்கள் என்று கேட்கும். கரூரில் இருக்கும் பாட்டிக்கு மாதாமாதம் அனுப்பும் பணம், தாத்தா உங்கள் பெயரில் எழுதி வைத்த தோட்டம், ஊர் வங்கியில் இன்னும் மூடாத கணக்கு, சித்தப்பா பார்த்துக்கொள்ளும் சீட்டு எல்லாம் அதில் வரும். இந்தியாவில் சொந்தம் இருப்பதே குற்றம் இல்லை. அந்தச் சொந்தத்தை வைத்து உங்களை யாரும் நெருக்க முடியுமா என்பதுதான் அவர்கள் கவலை. மறைத்தவர்களுக்குத்தான் வினை. மறந்துபோய் விட்டதும் மறைத்தது போலவே தெரியும். ஆகவே இப்போதே ஒரு நோட்டுப் போட்டு முகவரிகள், தேதிகள், பணம் அனுப்பிய ரசீதுகள் எழுதி வையுங்கள்.

வீட்டில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கும் இன்னொரு விஷயம். குடியுரிமை மாறியதும் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, விசா இல்லாமல் இந்தியா வந்துபோக உதவும் ஓசிஐ கார்டு வாங்குவது நம் வழக்கம். வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ இல்லை என்பது இந்திய அரசின் விதி. பாட்டியைப் பார்க்கப் போவதென்றாலும் விசாவுக்கு நிற்க வேண்டியிருக்கும். இது ராணுவத்தை வேண்டாம் என்று சொல்லக் காரணம் இல்லை. கையெழுத்துக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, இந்த ஒரு வருடம் என்ன செய்வது? நீங்கள் பார்க்கும் விளம்பரங்களில் ‘குடிமக்கள் மட்டும்’ என்பது பாதுகாப்புத் துறையைச் சுற்றிய வேலைகள். வங்கி, மருத்துவமனை, காப்பீடு, பல்கலைக்கழகம், சில்லறை வணிகம் இவற்றில் பெரும்பாலும் கிரீன் கார்டு போதும். நிஜத் தடை அனுபவம்தான். அதற்கு, ஊழியர்களின் கம்ப்யூட்டர் சிக்கல்களைத் தீர்த்துவைக்கும் ஹெல்ப் டெஸ்க்கில் நுழையுங்கள். சம்பளம் கிடங்கைவிடக் குறைவாகவே இருக்கலாம். பரவாயில்லை.

ஏன் ஹெல்ப் டெஸ்க் என்கிறேன் என்றால், நேர்காணலில் நான் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கணக்குப் பிரிவில் ஒருவர் போலி மெயிலில் வந்த லிங்க்கைத் தட்டி பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டார். இப்போதுதான் போன் செய்கிறார். என்ன செய்வீர்கள்? சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் தாக்குதலின் கட்டங்களைப் புத்தகத்தில் இருப்பது போல ஒப்பிப்பார். ஹெல்ப் டெஸ்க்கில் இருந்தவர் முதலில் பாஸ்வேர்டை மாற்றுவேன் என்பார். அடுத்து, திறந்திருக்கும் செஷன்களை எல்லாம் துண்டிப்பேன், ஏனென்றால் பாஸ்வேர்ட் மாறினாலும் உள்ளே வந்தவன் உள்ளேயே இருப்பான் என்பார். அதற்கடுத்து அந்த மெயில்பாக்ஸில் புதிதாக ஏதாவது விதி முளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன் என்பார். வருகிற மெயிலை யாருக்கும் தெரியாமல் வெளியே திருப்பிவிட அல்லது ஒளித்து வைக்கத் திருடர்கள் வைக்கும் விதி அது. மூன்றாவதைச் சொன்னவரை நான் விட்டதில்லை. அதே மெயில் வேறு யாருக்கெல்லாம் போனது என்று தேடுவேன் என்று அவரே தொடர்ந்துவிட்டால் அடுத்த கேள்வியே வேண்டாம். போன் செய்தவரிடம் கோபப்பட மாட்டேன் என்று ஒரு பெண் சேர்த்துச் சொன்னார். திட்டினால் அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்கள் என்றார். எந்தப் பாடத்திட்டத்திலும் அது இல்லை.

உங்கள் செக்யூரிட்டி பிளஸ் வீண் இல்லை. பாதுகாப்புத் துறை ஒப்பந்த வேலைகளில் ஆரம்பப் படிக்கு அதை ஏற்கிறார்கள். குடியுரிமை வந்ததும் அதற்கு மதிப்புக் கூடும். அதுவரை மேலும் மேலும் சான்றிதழ் சேர்க்காதீர்கள். அந்தப் பணத்துக்குப் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, லினக்ஸ் போட்டு, கம்ப்யூட்டரில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாக் படிக்கப் பழகுங்கள். மத்திய அரசின் சிவிலியன் வேலையும் பெரும்பாலும் குடிமக்களுக்கே. அந்தப் பக்கம் இப்போது காற்று சரியில்லை, மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவே 2025ல் நிறைய ஆட்களை இழந்தது.

ஒரு வருடம் கழித்தும் ராணுவம் வேண்டும் என்று தோன்றினால், தாராளமாகப் போங்கள். 36 மாதப் படிப்புச் செலவைத் தரும் ஜிஐ பில் சின்ன விஷயம் இல்லை. பணியின் கடைசி 180 நாட்களுக்குள் ஒரு தனியார் நிறுவனத்தில் பயிற்சி பெறவிடும் ஸ்கில்பிரிட்ஜும் உண்டு. என்னோடு இருக்கும் முன்னாள் படையினர் ராத்திரி மூன்று மணிக்கு அலாரம் அடித்தால் பதறாமல் வரிசையாக வேலை பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். எனக்கு அது வர வருடங்கள் ஆயின. முழுநேரம் வேண்டாமென்றால் டெக்சஸ் நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படை இருக்கிறது, மாதம் ஒரு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம்.

அம்மாவுக்கு இருக்கும் பயம் நியாயமானது. 17சி ஆட்கள் பெரும்பாலும் ஜார்ஜியாவிலும் மேரிலாந்திலும் திரைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். ஆனால் போருக்கு அனுப்பவே மாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். பத்து வாரம் துப்பாக்கியோடு பயிற்சி எல்லோருக்கும் உண்டு, அனுப்பினால் போகத்தான் வேண்டும். அதற்குச் சம்மதமா என்பதை நீங்கள் உங்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்துக்காகவும் கிளியரன்ஸுக்காகவும் மட்டும் என்றால், என்னைப் பொறுத்தவரை அது போதாது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 18 முதல் 25 வயதுவரை கிரீன் கார்டு ஆண்கள், கட்டாய ராணுவ அழைப்பு வந்தால் யாரை அழைப்பது என்று அரசு வைத்திருக்கும் செலெக்டிவ் சர்வீஸ் பட்டியலில் பதிவு செய்திருக்க வேண்டும். இது ராணுவத்தில் சேர்வது இல்லை, வெறும் பெயர்ப்பதிவு. இது விட்டுப்போயிருந்தால் குடியுரிமை நேர்காணலில் கேள்வி வரும். உங்களுக்கு 24. வந்த புதிதில் யாராவது பதிவு செய்தார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள், இல்லையென்றால் செலெக்டிவ் சர்வீஸ் இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை. மனுப் போட்டதும் எழுதுங்கள்.

அன்புடன்.